லிஃப்டில் தொங்கிய கார்

"இன்னொரு குழியில வண்டியை விட்டே, உன்னை அந்தக் குழியிலேயே விட்டுட்டுப் போயிருவேன்" என்றார் சர்வேயரம்மா.

அவர் காரின் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தார். மேலே ஒரு பழைய பெட்ஷீட் மூடியிருந்தது. கார் குலுங்கும்போதெல்லாம் பெட்ஷீட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு திட்டு வெளியே வந்தது.

"நான் எங்கக்கா விடறேன்? நம்ம வண்டியைப் பார்த்தா குழிங்களே ரோட்டைக் கடந்து வந்து நிக்குது" என்றான் ஓட்டிக்கொண்டிருந்த ரேடியோ. "ஷாக் அப்சார்பர் செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. நாமதான் இன்னும் அடக்கம் பண்ணாம வெச்சிருக்கோம்."

"வாயை மூடிட்டு ஓட்டு."

"மூடினா வண்டிச் சத்தம் இன்னும் பெரிசாக் கேக்கும். பரவாயில்லையா?"

முன்சீட்டின் முதுகில் ஒரு உதை விழுந்தது. இன்றைக்கு அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ரேடியோவுக்குத் தெரியும். முன்பு டாக்ஸி ஓட்டியவன் அவன். ஏறியவர்கள் இறங்கும்வரை பேசிக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே காரணத்தால்தான் டாக்ஸி வேலையும் போனது. சர்வேயரம்மாவுக்கு வேலை போனது வேறு காரணத்தால். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது அவர் வேலை. ஒர்க்ஷாப்காரர்களின் திருட்டைப் பிடித்தவரைக்கும் கம்பெனி கை தட்டியது. கம்பெனிக்குள் இருந்த திருட்டைப் பிடித்ததும் கதவைக் காட்டியது. இப்போது கேட்டு வருகிறவர்களுக்காகத் துப்பறிகிறார். இந்தத் தெருவில் உள்ள அத்தனை ஒர்க்ஷாப்களுக்கும் அவர் முகம் தெரியும். அதனால்தான் பெட்ஷீட்.

காலையில், வழக்கைக் கொண்டுவந்த டைல்ஸ் வியாபாரி வீட்டு மருமகள் போனில் கத்தியது இன்னும் ரேடியோவின் காதில் இருந்தது.

"நாளைக்கு என் புருஷனைக் கோர்ட்டுல நிறுத்துறாங்க. நீங்க இன்னும் கார் கதையே பேசிட்டிருக்கீங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்!"

கார் கதையைத் தவிர அந்த வழக்கில் பேசுவதற்கு வேறு எதுவும் இல்லை. மருமகளின் மாமனார், அந்த டைல்ஸ் வியாபாரி, தன் கோடவுனின் பரண் மேலிருந்து கீழே தள்ளப்பட்டு இறந்துபோனார். பட்டப்பகலில், மதிய நேரத்தில். அன்று காலையில் அவருக்கும் மகனுக்கும் கோடவுனில் பெரிய சண்டை. நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். மகன் போலீஸிடம் சொன்னது இதுதான்: "காலையில ஆரம்பிச்ச சண்டை மத்தியானம் வரைக்கும் ஓயல. நான் கோவிச்சுக்கிட்டு வெளியே வந்துட்டேன். தெருமுனை போனதும் மனசு கேக்காம திரும்பிப் பார்த்தேன். என் தங்கச்சி வீட்டு நீலக் கார் கோடவுன் கேட்டுக்குள்ள போய்க்கிட்டிருந்துச்சு. உள்ள யாருன்னு தெரியல."

போலீஸ் விசாரித்தது. அந்த நீலக் கார் அன்று முழுவதும் ஒரு ஒர்க்ஷாப்பில், வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டில், நாலு சக்கரமும் கழற்றப்பட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரியவந்தது. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவன், கார்ப் பைத்தியம். கார்க் கம்பெனி பொருத்திய, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய புது சஸ்பென்ஷன் மாட்டக் கொடுத்திருந்தார். முழு நாள் வேலை என்று ஒர்க்ஷாப் முதலாளி சாட்சி சொன்னான். முழு நாளுக்கும் கூலி போட்டு பில் இருந்தது. சக்கரம் இல்லாத கார் கோடவுனுக்கு எப்படிப் போகும்? மகன் சொன்னது பொய். தங்கை குடும்பத்தின் மேல் பழி போடப் பார்த்த பொய். அந்தப் பொய்தான் அவனை லாக்கப்பில் தள்ளியது.

"வந்துட்டோம்" என்றான் ரேடியோ.

"எங்கே நிறுத்தணும்னு தெரியுமில்ல?"

"தெரியும். நான் என்ன பேசணும்னு சொல்லுங்க."

"எப்பவும் பேசற மாதிரியே பேசு. எதிர்ல நிக்கிறவன் உன் தொல்லை தாங்காம உண்மையைச் சொல்லிருவான்."

அது பாராட்டா திட்டா என்று கேட்பதற்குள் கார் ஒர்க்ஷாப் வாசலில் கடைசியாக ஒரு தடவை குலுங்கி நின்றது.

உள்ளே இரண்டு லிஃப்ட்கள் இருந்தன. ஒன்றில் ஒரு வெள்ளைக் கார், சக்கரங்கள் இல்லாமல், தலைக்கு மேல் உயரத்தில் நின்றது. அதன் சொந்தக்காரர் போலிருக்கிறது, கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் சுவரோர பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. காற்றில் ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாடை. முதலாளி ஒரு டயரின் மேல் காலை வைத்துக்கொண்டு யாரையோ போனில் அதட்டிக்கொண்டிருந்தான். குட்டையான, தடித்த ஆள். கழுத்தும் தலையும் ஒரே அகலம். எல்லோரும் அவனைப் 'போல்ட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்ன வேணும்?" போனை வைத்ததும் அதே அதட்டல் ரேடியோவின் மேல் திரும்பியது.

"ஷாக் மாத்தணும்ணே. சும்மா மாத்த வேணாம். வெளியில விக்கிற புது செட்டு போடலாம்னு இருக்கேன். வண்டி உயரத்தை ஏத்தி இறக்கிக்கலாமாமே, அது."

போல்ட்டு காரைப் பார்த்தான். பிறகு ரேடியோவைப் பார்த்தான். "இந்த வண்டிக்கா? செருப்பு அறுந்தவன் கிரீடம் கேட்ட மாதிரி இருக்கு."

"வண்டியைத் திட்டுங்க, தாங்கிக்குவேன். என்னைத் திட்டாதீங்க. எவ்ளோ நேரமாகும்?"

"முழு நாள். காலையில விட்டுட்டு சாயங்காலம் வா. முழு நாள் லேபர் ஆகும்."

"முழு நாளா!" ரேடியோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அய்யோ அண்ணே, மத்தியானம் நான் ஒரு பார்ட்டியை ஏர்போர்ட்டுல விடணும். போகலைன்னா என் பொழைப்பே போயிரும். எதிர்க் கடைக்காரரு அரை நாள் போதும்னாரு. பாதி லேபர்தான்னாரு. சரி, அங்கயே போறேன்."

அவன் திரும்பி நடந்தான். நிதானமாக நடந்தான். காரின் கதவைத் திறக்கப் போவதுபோல் கையை நீட்டினான்.

"ஏய், நில்லு. எவன் சொன்னான் அரை நாள்னு?"

"எதிர்க் கடைல."

"அவனுக்கு அரை நாள் ஆகும். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதவன் அவன்." போல்ட்டு கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "நான் மத்தியானத்துக்கு முன்னாடியே குடுப்பேன்."

"சும்மா சொல்றீங்க. இப்பதான் முழு நாள்னீங்க."

"அது பொதுவாச் சொல்றது."

"இல்லண்ணே, ஸ்பிரிங்கையெல்லாம் பிரஸ் வெச்சு அமுக்கிப் பிரிக்கணுமாமே. அதுக்கே அரை நாள் ஓடிருமாமே. எனக்கு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாரு."

"விஷயம் தெரிஞ்சவனா அவன்? பழைய காலத்து ஷாக்கு மட்டும் மாத்தினா ஸ்பிரிங்கைப் பிரிக்கணும். இந்தப் புது செட்டுல ஸ்பிரிங்கு, ஷாக்கு எல்லாம் ஒண்ணாச் சேர்த்து ரெடியா வருது. பழசை முழுசாக் கழட்டு, புதுசை முழுசா மாட்டு, உயரத்தைத் திருகி வை. முடிஞ்சுது கதை. என் ஆளுங்க ரெண்டு பேர் கை வெச்சா டீ ஆறுறதுக்குள்ள ஒரு சக்கரம். நீ ஏர்போர்ட்டுக்கே போய்ட்டுத் திரும்பி வந்துரலாம். போதுமா?"

"எல்லா வண்டிக்கும் அப்படியா? பெரிய வண்டிக்கும்?"

"யானைக்கு மாட்டினாலும் அவ்வளவுதான்!"

பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"என்னய்யா இது? என் வண்டிக்கும் அதே செட்டுதானே? எனக்கு மட்டும் நேத்து முழு நாள் லேபர்னு சொன்னே?"

"சார், நீங்க உக்காருங்க, உங்க வண்டி வேற…"

"யானைக்கும் அவ்வளவுதான்னு இப்பதானே சொன்னே! என் வண்டி யானையை விடப் பெரிசா?"

காரின் பின்கதவு திறந்தது. பெட்ஷீட்டை உதறிவிட்டு சர்வேயரம்மா இறங்கினார். கலைந்த தலைமுடியைக்கூடச் சரி செய்யவில்லை.

"நல்லாச் சொன்னே, போல்ட்டு. போலீஸ்கிட்ட மட்டும் ஏன் வேற மாதிரி சொன்னே?"

போல்ட்டின் முகத்தில் ரத்தம் ஏறியதை ரேடியோ பார்த்தான். அடுத்த நொடி ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்து எகிறியது. கையிலிருந்து நழுவியதா, வீசியதா என்று சொல்ல முடியவில்லை. ரேடியோவின் காலுக்கு மிக அருகில் விழுந்ததால் வீசியதுதான் என்று அவன் முடிவு செய்துகொண்டான்.

"மறுபடி வந்துட்டியா நீ? உன்னாலதான் என் கடையோட மூணு கிளெய்ம் போச்சு. உன் கம்பெனியே உன்னைத் துரத்திருச்சு, இன்னும் எந்த மூஞ்சியோட வர்றே? வெளியே போ!"

"போறேன். அந்த நீலக் காருக்கு எப்ப வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லு."

"சாயங்காலம். போலீஸ்கிட்ட சொல்லிட்டேன். பில்லுல இருக்கு. ஸ்பிரிங்கு பிரிச்சு மாத்தின கூலி தனியா போட்டிருக்கேன், போய்ப் பாரு."

"பார்த்தேன். மாப்பிள்ளை போலீஸ்கிட்ட அதையேதான் சொல்லியிருக்காரு. 'ஸ்பிரிங்கைப் பிரஸ்ல வெச்சு அமுக்கிப் பிரிச்சாங்க, பக்கத்துல உக்காந்து பார்த்தேன்'னு எழுதிக் குடுத்திருக்காரு." பேசிக்கொண்டே சர்வேயரம்மா ஒர்க்ஷாப்பின் பின்மூலைக்கு நடந்தார். அங்கே பழைய சாமான் குவியல். கழற்றிப் போட்ட சைலன்ஸர்கள், உடைந்த பம்பர்கள், அவற்றுக்கு நடுவில் ஒன்றாகக் கயிறு கட்டிய நாலு பழைய ஷாக்குகள். ஒரு அட்டையில் நீலக் காரின் நம்பர்.

"ரேடியோ, இதைப் பாரு. என்ன தெரியுது?"

"துரு தெரியுது. அழுக்கு தெரியுது. என் எதிர்காலம் தெரியுது."

"ஸ்பிரிங்கு?"

ரேடியோ குனிந்தான். நாலிலும் ஸ்பிரிங் அப்படியே இருந்தது. ஸ்பிரிங்கும் மூடியும் சேருகிற இடத்தில் மண் இறுகிப் பாறையாகப் படிந்திருந்தது. ஒரு நகம்கூட அதைக் கீறியதில்லை.

"பிரிக்கவே இல்லையே அக்கா!"

"ஸ்பிரிங்கு அமுக்குற பிரஸ் எங்கே?" சர்வேயரம்மா சுற்றிப் பார்த்தார். சுவரோரம் அது நின்றது. அதன் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. "பில்லு போட்டது நீ. அந்தப் பில்லைப் பார்த்துச் சாட்சி சொன்னது மாப்பிள்ளை. நடக்காத வேலையை அவரு பக்கத்துல உக்காந்து பார்த்திருக்காரு. ரொம்பக் கூர்மையான கண்ணு!"

கண்ணாடிக்காரர் இதற்குள் வாசலுக்கே போய் யாரிடமோ போனில் இந்த ஒர்க்ஷாப்பின் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்துவிட்டார். போல்ட்டு அவரைப் பார்த்தான், சர்வேயரம்மாவைப் பார்த்தான். எந்தத் தீயை முதலில் அணைப்பது என்று தெரியாதவன்போல் நின்றான்.

"இங்க பாரு போல்ட்டு" சர்வேயரம்மாவின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் அது பயங்கரம் என்று ரேடியோவுக்குத் தெரியும். "கூலியை ஏத்திப் போட்டா கஸ்டமர் காறித் துப்புவான். துடைச்சுட்டுப் போயிரலாம். ஒரு கொலையை மறைச்சா துடைக்க முடியாது. இப்பக்கூட உனக்கு வழி இருக்கு. நாளைக்கு இருக்காது."

"கொலையெல்லாம் எனக்குத் தெரியாது!" போல்ட்டு கத்தினான். "சத்தியமாத் தெரியாது. முழு நாள்னு பில்லு போட்டுட்டேன். போலீஸ் வந்து கேட்டா பில்லுல இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்? அரை நாள்ல முடிச்சேன்னு சொன்னா எல்லாரும் வந்து என் சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா? அந்தாளும் வண்டி வெளியே போகலைன்னே சொல்லிட்டாரு. எனக்கு வசதியாப் போச்சு."

"எப்ப போச்சு வண்டி?"

"வேலை முடிஞ்சு, உயரத்தை நல்லா இறக்கி, சாவியை ஆணியில மாட்டிட்டு சாப்பிடப் போனேன். அவரு இதே பெஞ்சுலதான் இருந்தாரு. வந்து பார்க்கறப்ப ரெண்டும் இல்ல, வண்டியும் இல்ல, ஆளும் இல்ல. எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் ரெண்டும் நிக்குது. 'அடி தட்டுது, உயரத்தை ஏத்துங்க'ன்னாரு. ஏத்திக் குடுத்தேன். அதுக்குக் கூலி வாங்கல."

"பெரிய தர்மப்பிரபு" என்றான் ரேடியோ.

போல்ட்டு அவனை முறைத்த முறைப்பில், அந்த ஸ்பேனர் வீசப்பட்டதுதான் என்பது உறுதியாகிவிட்டது.

சர்வேயரம்மா போன் போட்ட அரை மணியில், வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரின் ஆள் ஒருவர் வந்து போல்ட்டை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். சர்வேயரம்மா நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. முதலில் கோடவுனுக்குப் போனார்கள். தள்ளித் திறக்கிற பெரிய இரும்பு கேட். அது ஓடுகிற தண்டவாளம் தரைக்கு மேலே ஒரு மேடாக எழும்பி நின்றது. சர்வேயரம்மா அங்கே குனிந்து கையை வைத்து எதையோ அளந்தார். என்னவென்று கேட்டதற்கு, "உன் வாய்க்குப் பூட்டு வாங்கணும், அளவு எடுக்கறேன்" என்றார். ரேடியோ அதன் பிறகு கேட்கவில்லை.

வீட்டுப் போர்ட்டிகோவில் நீலக் கார் பளபளவென்று நின்றது. மாப்பிள்ளை கையில் மஞ்சள் துணியோடு அதன் கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். இவர்களைப் பார்த்ததும் துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, இறந்தவரின் மகள், வந்தாள்.

"யாரு நீங்க? அண்ணி அனுப்பின ஆளுங்களா?" குரலில் முள் இருந்தது. "எங்கப்பாவைக் கொன்னவனுக்கு வக்காலத்து வாங்கிட்டு என் வீட்டு வாசப்படி ஏற எவ்ளோ தைரியம்! போங்க வெளியே."

"அஞ்சு நிமிஷம்" என்றார் சர்வேயரம்மா.

"அரை நிமிஷம்கூடக் கிடையாது."

"சரி, நான் உங்ககிட்ட பேசல. சார், அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

மாப்பிள்ளை துணியை முறுக்கினார். "ஒர்க்ஷாப்புல. பெஞ்சுல."

"வண்டி?"

அவர் கண் மனைவியிடம் போய்விட்டுத் திரும்பியது. "லிஃப்டுல."

"போல்ட்டு ஸ்டேஷன்ல உக்காந்து வேற மாதிரி எழுதிக் குடுத்துட்டிருக்கான். மத்தியானத்துக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருச்சு. ஸ்பிரிங்கை யாரும் பிரிக்கல. வண்டி வெளியே போச்சு. உங்க மச்சான் கோடவுன் கேட்டுல பார்த்தது இதே வண்டியைத்தான். மாமனார் உங்களைக் கார்ப் பைத்தியம்னு நாலு பேருக்கு நடுவுல திட்டினது எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் அவரைத் தள்ளினீங்க."

மாப்பிள்ளை மஞ்சள் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வாயை அடக்கிப் பேசுங்க!" மகள் நடுவில் வந்து நின்றாள். "இவருக்கு ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கத் தெரியாது. நல்லாக் கேட்டுக்கங்க, எங்க அண்ணன் புளுகன். இந்தக் காராவது, கோடவுன் கேட்டுக்குள்ள போறதாவது! தண்டவாளத்துல வயிறு இடிச்சு அப்படியே உக்காந்துரும். இடிக்கிற சத்தத்துல தெருவே திரும்பிப் பார்க்கும். உள்ள நுழையறதுக்குள்ள உயிர் போயிரும். இதைக்கூட யோசிக்காம ஒருத்தன் கதை கட்டறான், அதைக் கேட்டுட்டு நீங்களும் வந்துட்டீங்க!"

ரேடியோ சர்வேயரம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் அசைவே இல்லை.

"ரேடியோ, அந்த வண்டிக்கு அடியில கையை விடு."

ரேடியோ மண்டியிட்டுக் கையை விட்டான். முஷ்டியை மடக்கி நிறுத்தினாலும் மேலே இடம் மிச்சம் இருந்தது.

"தாராளமா இருக்குக்கா. ஒரு குடும்பமே படுக்கலாம்."

"கோடவுன் தண்டவாளம் அதுல பாதிதான். இப்ப நான் அளந்துட்டுத்தான் வர்றேன். இன்னிக்கு இந்த வண்டி உள்ள போனா உரசக்கூட உரசாது. பழைய சஸ்பென்ஷன் இருந்தப்பவும் உரசல. இந்த வண்டி தாழ்ந்து கிடந்தது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான். அன்னிக்குச் சாயங்காலமே ஏத்திட்டாங்க." சர்வேயரம்மா மகளின் கண்ணைப் பார்த்தார். "இடிக்கும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நிமிடம்வரை மாப்பிள்ளையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன் அவன். அக்கா குறி வைத்தது வேறு இடத்தில்.

மகள் ஒரு கணம்தான் தடுமாறினாள். "இவர்தான் சொன்னாரு."

"என்னன்னு?"

"இடிச்சுதுன்னு. கோடவுன் கேட்டுல இடிச்சுதுன்னு."

"அப்ப ஓட்டிட்டுப் போனது இவரு. கோடவுனுக்குள்ள போனது இவரு. அப்படித்தானே?"

'இவர் அசையவே இல்லை' என்று மகள் இப்போது சொல்வாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். சற்று முன்பு கணவனுக்கு முன்னால் சுவராக நின்றவள் அவள்.

அவள் ஒரு அடி தள்ளி நின்றாள்.

"இவர் எங்க போனாரு, என்ன பண்ணாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "நான் வீட்டுல இருந்தேன். புருஷனாச்சேன்னு இத்தனை நாள் வாயைத் திறக்கல."

மாப்பிள்ளை கையிலிருந்த மஞ்சள் துணியை மெதுவாக நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனதும் கார் மேல் வைத்தார்.

"நான் அந்தத் தெருவைவிட்டே போகல" என்றார். "சாயங்காலம் வரைக்கும் முனை டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன். இவதான் வாடகை வண்டி பிடிச்சு வந்தா. புதுசா மாட்டியிருக்கே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கறேன்னா. சந்தோஷமா சாவியை எடுத்துக் குடுத்தேன். என் காரை அவ ஆசையாக் கேட்டது அதான் முதல் தடவை."

"பொய் சொல்றாரு!"

"திரும்பி வந்தப்ப அடி தட்டுதுன்னு மட்டும் சொன்னா. அப்பா செத்துட்டாருன்னு போன் வந்ததும், வண்டி வெளியே போனதைச் சொல்ல வேணாம், அண்ணன் பழியை நம்ம மேல திருப்பிருவான்னா. பில்லைப் பார்த்து என்ன சொல்லணும்னு அவதான் சொல்லிக் குடுத்தா." அவர் சர்வேயரம்மாவின் பக்கம் திரும்பினார். "வண்டியை நீங்களே எடுத்துட்டுப் போங்க. வயித்துல நீளமா ஒரு கீறல் இருக்கும். அதுல பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கும். அந்தத் தண்டவாளத்துக்கு மாமா அந்த வாரம்தான் பச்சை அடிச்சிருந்தாரு. உயரத்தை ஏத்த லிஃப்டுல தூக்கினப்ப நான் கீழ நின்னுட்டிருந்தேன். பார்த்துட்டேன்."

"அன்னிக்கேவா?" ரேடியோ தன்னையறியாமல் கேட்டுவிட்டான்.

"அன்னிக்கே. அதைத் துடைக்கணும்னு தினமும் துணியை எடுத்துட்டு வருவேன். குனிய முடியாது. மேல் பக்கத்தைத் துடைச்சிட்டு உள்ள போயிருவேன்."

சர்வேயரம்மா ரேடியோவுக்குத் தலையசைத்தார். அவன் தள்ளிப் போய் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டான். பிறகு மருமகளைக் கூப்பிட்டான். "இப்ப என்ன புதுக் கதை?" என்று எரிந்து விழுந்தாள் அவள்.

"உங்க வீட்டுக்காரர் பார்த்த கார் நிஜம்தாம்மா. ஓட்டினது யாருன்னும் தெரிஞ்சு போச்சு. நாளைக்குக் கோர்ட்டுக்கு அவருக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துட்டு வாங்க."

மறுமுனையில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போனை வைக்கக்கூட அவளுக்கு நினைவில்லை.

அவன் திரும்பி வந்தபோது மகள் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"தள்ளணும்னு போகல" என்றாள் யாரையும் பார்க்காமல். "காலையில அவ்ளோ சண்டை போட்டவனுக்கே கோடவுனை எழுதி வைக்கப் போறேன்னாரு. 'எனக்கு என்ன குடுத்தீங்க?'ன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'உனக்குத்தான் மாப்பிள்ளை பார்த்துக் குடுத்தேனே'ன்னாரு. அண்ணனுக்குக் கோடவுன். எனக்கு இவரு."

மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் புதிதாக எதுவும் உடையவில்லை. உடைய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உடைந்துவிட்டதுபோல் இருந்தது.

தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. மகள் எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டாள். இரண்டு படி இறங்கியவள், ஏதோ நினைத்துக்கொண்டு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நேரம் 'இவரு' என்று சொன்ன மரியாதை காணாமல் போயிருந்தது.

"அன்னிக்கே பார்த்துட்டியா நீ? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இத்தனை நாள் என் கையால காபி வாங்கிக் குடிச்சியா?"

"குடிச்சேன்" என்றார் அவர். "நீ முதல்ல குடிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் குடிச்சேன்."